படுத்துக்கொண்டு ஓடும் சைக்கிள்: ஒரு மணித்தியாலமும் ஒரு தடையும்

கொஞ்சம் நீளமான பதிவு இது. தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசிக்க நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

தரம் பத்துப் பிள்ளைகள் சில நாட்களுக்கு முன் எங்களுக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டு மலைப்பாதை. கல்லும் சேறும். தடித்த டயர் போட்ட சைக்கிள்களில் நாட்கணக்காக ஓடும் நெடுந்தூரப் போட்டி. எல்லோரும் குனிந்து ஓட, ஒருவர் மட்டும் சாய்மனைக் கதிரையில் படுத்திருப்பது போல முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதித்துக்கொண்டு போகிறார். "சேர், இதுவும் சைக்கிளா?" என்பது பிள்ளைகளின் கேள்வி.

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. 1934 இல் உலகத்தின் சைக்கிளோட்ட மேலிடம் கூடி, இதே கேள்வியை வாக்குக்கு விட்டு, "இல்லை, இது சைக்கிளே அல்ல" என்று முடிவு கட்டியது. அந்த முடிவின் நிழல் இன்றுவரை நீண்டு கிடக்கிறது. நாங்கள் வாசித்து அறிந்ததை இங்கே எழுதி வைக்கிறோம்.

கதை ஒரு தாயின் பயத்தில் தொடங்குகிறது. பாரிஸுக்குப் பக்கத்தில் புத்தோ என்ற ஊரில் ஷார்ல் மோஷே என்று ஒருவர் இருந்தார். சின்னச் சின்ன வாகனங்கள் செய்வது அவருடைய தொழில். மகன் ஜோர்ஜ் சைக்கிள் கேட்டான். உம்மாமாருக்கு எந்த நாட்டிலும் ஒரே மனசுதானே. விழுந்து கையைக் காலை உடைத்துக்கொள்வான், சைக்கிள் வேண்டாம் என்று அவனுடைய தாய் சொல்லிவிட்டார். மோஷே இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வழி பார்த்தார். நாலு சில்லு, உட்காரக் கதிரை, மிதிக்கப் பெடல் என்று சிறுவனுக்கு ஒரு மிதிகார் செய்து கொடுத்தார். நாலு சில்லு இருந்தால் விழ மாட்டான் அல்லவா?

விழவில்லை. ஆனால் யாரும் எதிர்பாராத வேறொன்று நடந்தது. சைக்கிளில் வந்த மற்றப் பிள்ளைகளை எல்லாம் ஜோர்ஜ் அந்த மிதிகாரில் முந்திக்கொண்டு போனான். பாரமான நாலு சில்லு வண்டி, இலேசான இரண்டு சில்லு சைக்கிளை முந்துவதென்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று தகப்பனுக்குப் பட்டது. பெரியவர்களும் தங்களுக்கு ஒன்று செய்து தரும்படி கேட்டு வந்தார்கள். இருவர் அருகருகே இருந்து மிதிக்கும் 'வெலோகார்' அப்படித்தான் பிறந்தது. பிறகு பிரான்ஸ் ஜேர்மனியரின் பிடியில் இருந்த யுத்த காலத்தில், பெற்றோல் கண்ணிலும் காணக் கிடைக்காதபோது, இந்த வெலோகார்கள் பலருக்குக் கைகொடுத்தன. அது தனிக் கதை.

வெலோகாரில் ஒரு குறை இருந்தது. வேகமாக வளைவில் திரும்பினால் ஒரு பக்கம் தூக்கும். இதை யோசித்துப் பார்த்த மோஷே, வண்டியை நீளவாக்கில் பாதியாகப் பிளந்தது போல இரண்டு சில்லில் ஒன்று செய்தார். சின்னச் சில்லுகள், தாழ்ந்த நீள உடம்பு, சாய்ந்து உட்காரும் கதிரை, முன்னால் பெடல். அதற்கு 'வெலோ-வெலோகார்' என்று பெயர். படுத்து ஓடும் சைக்கிளை முதலில் செய்தவர் அவரல்ல. 1890களிலேயே ஜெனீவாவில் சல்லான் என்பவர் சாய்ந்து உட்கார்ந்து ஓடும் சைக்கிள் செய்திருக்கிறார். 1920களில் ஜேர்மனியில், விமானக் கப்பல் வடிவமைத்த போல் யாராய் ஒன்று செய்தார். ஆனால் அதைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியவர் மோஷே.

அவர் அவசரப்படவில்லை. முறைப்படி போனார். 'யூ.சி.ஐ.' எனப்படும் சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியத்திடம், இது உங்கள் சட்டத்துக்கு உட்பட்டதா என்று முன்கூட்டியே கேட்டார். காற்றைக் கிழிக்கவென்று மூடியோ தகடோ எதுவும் பொருத்தவில்லை, ஆகவே தடை இல்லை என்று பதில் வந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஓடுவதற்கு ஆள் வேண்டும். ஹென்றி லெமுவான் என்ற பெயர்பெற்ற வீரரிடம் கேட்டார். அவர் ஓடிப் பார்த்தார், வண்டியும் பிடித்திருந்தது, ஆனால் பந்தயத்தில் இதில் ஏற மறுத்துவிட்டார். ஊர் சிரிக்கும் என்ற பயம் எத்தனை திறமைசாலிகளைக் கட்டிப் போட்டிருக்கிறது! கடைசியில் சம்மதித்தவர் பிரான்சிஸ் ஃபோர். முதல்தர வீரர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. அவருடைய அண்ணன் பெனுவா ஃபோர்தான் பெயர்பெற்றவர், 1930 டூர் டி பிரான்ஸில் எட்டாவதாக வந்த மலையேற்றக்காரர். அண்ணன் மலையில், தம்பி வட்டத் திடலில். இந்த அண்ணன் தம்பிப் பொருத்தத்துக்குப் பிறகு வருவோம்.

பிரான்சிஸ் அந்த வண்டியில் படுத்தபடி திடலுக்குள் வந்தபோது மற்ற வீரர்கள் கேலி செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பந்தயம் தொடங்கியதும் கேலி நின்றுவிட்டது. அவர் முன்னால் போனார். வழமையாக முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, காற்றுப் படாமல் ஓடிக் களைப்பைக் குறைப்பது சைக்கிள் வீரர்களின் தந்திரம். இவரோ தரையோடு தரையாகக் கிடக்கிறார். இவருக்குப் பின்னால் ஒளிய ஒரு மறைப்பும் இல்லை.

சைக்கிளோட்டத்தில் 'மணித்தியாலச் சாதனை' என்று ஒன்று உண்டு. தனியாக, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு தூரம்? அவ்வளவுதான் கேள்வி. 1893 இல் ஹென்றி தேக்ரான்ஜ் 35.325 கிலோமீற்றர் ஓடினார், பிற்காலத்தில் டூர் டி பிரான்ஸைத் தொடக்கிய அதே ஆள்தான். பிறகு சுவிட்சர்லாந்தின் ஒஸ்கார் எக்கும் பிரான்ஸின் மார்செல் பெர்த்தேயும் ஒருவர் சாதனையை ஒருவர் மாறி மாறி உடைத்தார்கள். 1914 இல் எக் 44.247 கிலோமீற்றர் ஓடி முடித்தார். அதோடு சரி. முதலாம் உலக யுத்தம் வந்து போனது, பத்தொன்பது வருடம் உருண்டது, அந்த இலக்கத்தை ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

1933 ஜூலை 7. பாரிஸில் ஒரு சைக்கிளோட்டத் திடல். பிரான்சிஸ் ஃபோர் மோஷேயின் வண்டியில் ஒரு மணித்தியாலத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். எக்கின் சாதனையை விட 808 மீற்றர் கூட.

அடுத்த மாதமே வழமையான சைக்கிளில் இரண்டு பேர் எக்கைத் தாண்டினார்கள். ஓகஸ்ட் 25 இல் ஒல்லாந்தைச் சேர்ந்த யான் வான் ஹவுட் 44.588, நாலு நாள் கழித்து பிரான்ஸின் மொரிஸ் ரிஷார் 44.777. பத்தொன்பது வருடம் அசையாத கதவு ஒரே கோடையில் மூன்று முறை திறந்தது. இப்போது சிக்கல். சாதனை யாருடையது? கூடிய தூரம் ஃபோருடையது. ஆனால் அவர் படுத்துக்கொண்டல்லவா ஓடினார்?

1934 பெப்ரவரி 3 ஆம் திகதி யூ.சி.ஐ. கூடியது. வண்டியை உள்ளே கொண்டுவந்து ஓடியும் காட்டினார்கள். ஒரு பக்கம், சைக்கிளின் எதிர்காலம் இதுதான் என்றவர்கள். மறுபக்கம், இதைச் சைக்கிள் என்றே ஏற்க முடியாது என்றவர்கள். முடிவில் 'சைக்கிள் என்றால் என்ன' என்று புதிதாக ஒரு வரைவிலக்கணம் எழுதப்பட்டது. பெடலின் அச்சு தரையிலிருந்து 24 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். சீற்றின் முன்நுனி அந்த அச்சுக்குப் பின்னால் 12 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. இன்னும் சில அளவுகள். அளவுகோலை எடுத்து மோஷேயின் வண்டிக்கு மேல் வைத்துப் பார்த்தால் விளங்கும், எந்த வண்டியை வெளியே தள்ள அந்தக் கோடுகள் கீறப்பட்டன என்று. ஏப்ரல் 1 முதல் அது அமுலுக்கு வந்தது. ஃபோரின் தூரத்தை வேறொரு பட்டியலில் எழுதிவைத்தார்கள். 278 மீற்றர் குறைவாக ஓடிய ரிஷாரின் பெயர் உத்தியோகபூர்வச் சாதனையில் ஏறியது.

நியாயமாகப் பேச வேண்டும். யூ.சி.ஐ.யின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. விளையாட்டு என்பது மனிதனை மனிதனோடு ஒப்பிடுவது, வண்டியை வண்டியோடு அல்ல. இரண்டாம் தர வீரர் ஒருவர் வண்டியின் தயவில் முதல்தர வீரரை வெல்வதென்றால், வென்றது யார்? பாடசாலை விளையாட்டுப் போட்டியில்கூட ஒரு பிள்ளை முள்ளுச் சப்பாத்துப் போட்டு, மற்றப் பிள்ளை வெறுங்காலோடு ஓடினால் நாங்கள் தடுக்க மாட்டோமா? அந்தக் கேள்வி பெறுமதியானது.

ஆனாலும் எங்களுக்கு அந்த முடிவு நெஞ்சில் இறங்கவில்லை. கேட்டுவிட்டுத்தானே மனிதர் செய்தார்? தடை இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? தோற்கும் வரை சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்த வண்டி, வென்றதும் சட்டத்துக்கு வெளியே போனது எப்படி? வேறு பிரிவு வைத்துத் தனியாக ஓடவிட்டிருக்கலாம். பட்டியல் ஒன்று போட்டார்கள்தான், ஆனால் பெரிய பந்தயங்களின் கதவைச் சாத்திவிட்டுப் போட்ட பட்டியல் அது. பந்தயத்தில் ஓடாத சைக்கிளைக் கொம்பனிகள் செய்ய மாட்டா. கொம்பனி செய்யாததைக் கடையில் காண முடியாது. கடையில் இல்லாததைச் சனம் அறியாது. முதுகு வருத்தக்காரரும் வயதாளிகளும் சாய்ந்து உட்கார்ந்து சுகமாக ஓடியிருக்கக்கூடிய ஒரு வாகனம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒதுங்கிக் கிடந்ததற்கு அந்தத் தடை பெரியதொரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஷார்ல் மோஷே அந்த 1934 ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். எந்த மகனுக்காக முதல் மிதிகாரைச் செய்தாரோ, அந்த ஜோர்ஜ் வேலையைக் கையில் எடுத்தார்.

அந்தக் காலத்தில் எல்லோருடைய கண்ணும் 50 கிலோமீற்றரில் இருந்தது. எக்கின் பழைய எதிராளி பெர்த்தே, நாற்பதைத் தாண்டிய வயதில், 1933 நவம்பரில் மீன் வடிவ மூடி போட்ட ஒரு நிமிர்ந்த சைக்கிளில் ஓடி 49.992 கிலோமீற்றர் எட்டினார். எட்டு மீற்றர் போதாமல் போனது! பாவம். ஜோர்ஜ் மோஷேயும் படுக்கை வண்டிக்கு ஒரு மூடி செய்தார். 1939 மார்ச் 5 ஆம் திகதி பிரான்சிஸ் ஃபோர் அதில் ஏறி 50.537 கிலோமீற்றர் ஓடினார். முன்னால் வேறு வாகனம் எதுவும் காற்றை மறைக்காமல் ஒரு மணித்தியாலத்தில் 50 ஐத் தாண்டிய முதல் மனிதர் அவர். யூ.சி.ஐ. ஏற்ற சைக்கிளில் அந்த எல்லையைத் தாண்ட 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெக்சிகோவில் இத்தாலியரான பிரான்செஸ்கோ மோசர் அதைச் செய்தார். நாற்பத்தைந்து வருட இடைவெளி. மாபெரும் வீரர் எடி மெர்க்ஸ்கூட 1972 இல் 49.431 இல்தான் நின்றார்.

இப்போது மலைக்கு வருவோம். பிள்ளைகளின் உண்மையான சந்தேகம் அதுதான்: இவ்வளவு வேகமான வண்டி என்றால் மலைப் பந்தயங்களில் ஏன் இதையே எல்லோரும் ஓடுவதில்லை?

காரணம் காற்று. சமதரையில் வேகமாகப் போகும் சைக்கிள்காரருடைய பலத்தின் பெரும்பங்கைக் காற்றுத்தான் தின்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு, அதை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்கு. விஞ்ஞான பாடத்தில் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும். படுத்தால் காற்றில் படும் உடம்பின் பரப்புக் குறைகிறது, அதுதான் ஃபோரின் இரகசியம். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் ஊரும்போது காற்று ஒரு பொருட்டே இல்லை. அங்கே கணக்கு முழுவதும் பாரத்தில். படுக்கை சைக்கிளுக்கு நீளமான உடம்பு, கதிரை, இரண்டரை மடங்கு நீளமான செயின் என்று பாரம் கூடத்தான். ஏற்றத்தில் நாமெல்லாம் என்ன செய்வோம்? சீற்றை விட்டு எழும்பி நின்று உடம்புப் பாரத்தைப் பெடலில் இறக்குவோம். படுத்திருப்பவரால் அது முடியாது.

மலைப்பாதை என்றால் இன்னும் கஷ்டம். கல்லிலும் குழியிலும் போகும்போது சாதாரண சைக்கிள்காரர் குண்டியைத் தூக்கி, முழங்காலையும் முழங்கையையும் வளைத்து அடியைத் தாங்கிக்கொள்கிறார். முன்சில்லைத் தூக்கி ஒரு வேரைத் தாண்டுகிறார். படுத்திருப்பவரின் முதுகு கதிரையோடு ஒட்டியிருக்கிறது, வருகிற அடி நேரே முதுகுக்கு. மெதுவாகப் போகும்போது சமநிலை பிடிப்பது சிரமம். இறங்கித் தள்ளுவதென்றாலும் தாழ்ந்த வண்டியைக் குனிந்துதான் தள்ள வேண்டும்.

ஆகவே அந்த அண்ணன் தம்பியை நினைத்துப் பாருங்கள். 1934 இல் தடை வராமல் பிரான்சிஸின் வண்டி டூர் டி பிரான்ஸுக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சமதரையில் தம்பி போயிருப்பார். 2115 மீற்றர் உயரமான டூர்மலே கணவாயில், அது நம் நுவரெலியா நகரத்தை விட உயரம், அண்ணன் பெனுவா சாவகாசமாகப் பிடித்திருப்பார். மலையே நீதிபதியாக இருந்திருக்கும். இதையெல்லாம் பார்க்க விடவில்லையே என்பதுதான் எங்கள் ஆதங்கம். அதே காலத்தில் தேக்ரான்ஜ், தன்னுடைய டூர் டி பிரான்ஸில் கியர் மாற்றும் பொறியை வீரர்களுக்கு அனுமதிக்கவில்லை. மலை அடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் போட்டுத்தான் ஏறினார்கள். 1937 இல்தான் அந்தத் தடை நீங்கியது. இன்று கியர் இல்லாத பந்தய சைக்கிளை யாராவது நினைத்துப் பார்ப்பார்களா? ஒரு புதுமைக்குக் கதவு திறந்தது, மற்றதற்குத் திறக்கவில்லை. இன்றைய யூ.சி.ஐ. சட்டத்திலும் வீரரின் உடம்பு மூன்று இடங்களில்தான் தாங்கப்படலாம்: கால் பெடலில், கை ஹேண்டிலில், இருப்பு சீற்றில். முதுகுக்கு இடமில்லை.

யூ.சி.ஐ.யின் கை எட்டாத இடங்களும் உலகத்தில் உண்டு. 1976 இல் அமெரிக்காவில் மனித வலு வாகனங்களுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கினார்கள். 1986 இல் ஃபிரெட் மார்க்கம் மூடி போட்ட படுக்கை சைக்கிளில் மணிக்கு 65 மைலைத் தாண்டிப் பரிசு வாங்கினார். 2016 இல் பிரான்செஸ்கோ ருஸ்ஸோ அப்படிப்பட்ட வண்டியில் ஒரு மணித்தியாலத்தில் 92 கிலோமீற்றருக்கு மேல் ஓடினார். 2022 இல் யூ.சி.ஐ. சட்டப்படி ஃபிலிப்போ கான்னா எட்டிய தூரம் 56.792. வித்தியாசத்தை நீங்களே கழித்துப் பாருங்கள்.

எங்களை அதிகம் கவர்ந்தவை நெடுந்தூர ஓட்டங்கள்தான். அங்கே வேகத்தை விட உடம்பு தாங்குமா என்பதுதான் கேள்வி. 1891 இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இன்று நாலு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் 1200 கிலோமீற்றர் ஓட்டம், அதிக பட்சம் 90 மணித்தியாலம். ஏற்ற இறக்கம் ஓயாத பாதை. அதில் படுக்கை சைக்கிள்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயம் 1982 இல் நாலு பேரோடு தொடங்கியது. வென்ற லொன் ஹால்ட்மன் எடுத்தது 9 நாள் 20 மணித்தியாலம். அந்த நால்வரில் ஒருவர் மைக்கல் ஷெர்மர். அடுத்த வருடம் அவருடைய கழுத்துத் தசை சோர்ந்து தலையைத் தூக்க முடியாமல் போனது. நாட்கணக்காகக் குனிந்து ஓடி, நிமிர்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கழுத்து என்னத்துக்கு ஆகும்? அந்த வருத்தத்துக்கே 'ஷெர்மர் கழுத்து' என்று பெயர் நிலைத்துவிட்டது. கை விரல் விறைப்பு, இருப்புப் புண் எல்லாம் இந்தக் குடும்பம்தான். சாய்ந்து ஓடுகிறவருக்கு இவை மிகக் குறைவு. 1989 இல் அதே அமெரிக்காவைப் படுக்கை சைக்கிளில் நாலு பேர் முறை மாற்றி ஓடி 5 நாள் 1 மணித்தியாலம் 8 நிமிடத்தில் கடந்தார்கள்.

இவை தார் வீதிகள். மண் பாதையில் நெடுந்தூரம் என்றால் 'டூர் டிவைட்'. கனடாவின் பான்ஃப் நகரத்திலிருந்து அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் அன்டிலோப் வெல்ஸ் வரை, ரொக்கி மலைத்தொடரை ஒட்டி, ஏறத்தாழ 4,400 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையான நம் நாட்டின் நீளத்தைப் போலப் பத்து மடங்கு. ஏற்றங்களை மட்டும் கூட்டினால் எவரெஸ்ட்டின் உயரத்தை ஐந்து தடவைக்கு மேல் ஏறியதற்குச் சமம். பரிசுப் பணம் இல்லை. சாப்பாடு, தண்ணீர், திருத்த வேலை எல்லாம் தன் கையால்தான். 2016 இல் மைக் ஹால் இதை 13 நாள் 22 மணித்தியாலம் 51 நிமிடத்தில் முடித்தார். மறு வருடம் அவுஸ்திரேலியாவில் ஒரு பந்தயத்தின்போது வாகனம் மோதி இறந்து போனார். நல்லவர் என்று ஓடியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இப்படியொரு பாதையில் படுக்கை சைக்கிளோடு இறங்குகிறவர் வெல்ல வருகிறவர் அல்ல என்றே நாங்கள் கருதுகிறோம். மழை பெய்தால் அந்த மண் சில்லில் சீமெந்து போல ஒட்டும், தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். கொலராடோவில் 3,600 மீற்றரைத் தாண்டி ஏறும் இந்தியானா கணவாயில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஆனால் வயோமிங்கின் கிரேட் டிவைட் பேசின் வெளியில் மரமில்லை, நிழலில்லை, காற்று மட்டும்தான். கடைசியில் ஹச்சிட்டா என்ற சிற்றூரிலிருந்து எல்லை வரை எழுபது கிலோமீற்றரளவு நேரான தார் வீதி. இரண்டு மூன்று கிழமை குனிந்து ஓடி, கழுத்து நிமிராமல், விரல் மடங்காமல் வருகிறவர்கள் அந்த வீதியில் தலையைக் கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு போக, சாய்மனைக் கதிரைக்காரர் வானத்தைப் பார்த்தபடி அவர்களைத் தாண்டிப் போவார்.